பல் எதற்கு சார் இருக்கிறது?

உங்கள் வீட்டில் யாராவது எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறார்களா? அப்படியானால் சமையலறை ஷெல்ஃபைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். வாளி சைஸில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் ஓடியிருக்கும். டப்பா மட்டும் மாசாமாசம் தவறாமல் வந்துகொண்டே இருக்கும்.

அந்த டப்பாவோடுதான் இன்றைக்கு என் சண்டை.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப வாரங்களில் புரத பவுடர் வேண்டும். 'ஸ்லீவ்' ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சமிருப்பது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். வெட்டுப்பட்ட இடம் ஆறும்வரை முதலில் தண்ணியாக, அப்புறம் கூழாக, அப்புறம் மசித்ததாக என்று படிப்படியாகத்தான் ஏற முடியும். ஆனால் உடம்புக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் போயாக வேண்டும். போகாவிட்டால் கொழுப்போடு சேர்த்து தசையும் கரையும். அந்த நேரத்தில், "எங்க பாட்டி எந்த பவுடரைக் குடிச்சா?" என்று கேட்டுக்கொண்டு அரிசிக் கஞ்சியோடு வரும் சொந்தக்காரர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். பாட்டியின் இரைப்பையை யாரும் வெட்டவில்லை. ஒரு டம்ளர் கஞ்சியில் ஒன்றிரண்டு கிராம் புரதம் தேறினால் அதிகம்.

சரி, சில வாரம் என்பது எப்படி ஆயுசு முழுக்க என்று ஆனது? இங்கேதான் வியாபாரம் உள்ளே வருகிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர், பேங்க் உத்தியோகம், காலையில் ஷேக், மத்தியானம் ஷேக், ராத்திரி ஷேக் என்றே இரண்டு வருஷம் ஓட்டினார். "ஒண்ணுமே சாப்பிடறதில்லை சார்" என்பார். நடுநடுவே வாய்க்குள் போன மிக்சரும் பிஸ்கட்டும் அவர் கணக்கில் வரவில்லை. மூன்றாவது வருஷம் எடை ஏற ஆரம்பித்தது. டயட்டீஷியனிடம் ஓடினார். அவர் என்ன செய்தார் தெரியுமா? வேற பிராண்டு டப்பா எழுதிக் கொடுத்தார்!

எடை ஏறினதில் மர்மம் ஒன்றும் இல்லை. நன்றாக மென்று தின்ற மீன் துண்டு, அந்தச் சின்னக் குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நாலு வாயில் 'போதும்' என்று மூளைக்குத் தகவல் போகும். அந்த 'போதும்'க்குத்தானே லட்சக்கணக்கில் பணம் கட்டினீர்கள்? குடித்தது அப்படி நிற்காது, வழுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் வயிறு காலி. கை மிக்சர் டப்பாவுக்குப் போகும். கத்தி வைத்து வாங்கிய தடுப்பணையில் நீங்களே மதகைத் திறந்துவிட்ட மாதிரி. சாப்பிடும்போது தண்ணி குடிக்காதே, அரை மணி நேரம் பொறு என்று டாக்டர்கள் சொல்வதற்கும் இதே காரணம்தான்.

நான் பி.காம். படித்தவன், கணக்குப் போடாமல் விடமாட்டேன். கிலோ 2,500 ரூபாய் பவுடர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்கூப் 30 கிராம், 75 ரூபாய். டப்பா மேல் எழுதியிருக்கிறபடி 24 கிராம் புரதம். நாலு முட்டையிலும் அதே 24 கிராம்தான். முட்டை 7 ரூபாய் என்றால் 28 ரூபாய். நாளைக்கு மூன்று ஸ்கூப் என்றால் வருஷத்துக்கு 82,125 ரூபாய். வேலை பார்க்கிறவர் எப்படியோ சமாளிப்பார். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக ஆபரேஷன் செய்துகொண்ட ஆட்டோ டிரைவர் என்ன செய்வார்?

அதுவும் 'எழுதியிருக்கிறபடி' என்றுதான் சொன்னேன், கவனித்தீர்களா? இந்தியாவில் விற்கிற 36 புரத பவுடர்களைச் சோதித்து 2024-ல் 'மெடிசின்' என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதில் 25 பவுடர்களில் டப்பா மேல் போட்ட புரத அளவு ஒன்று, உள்ளே இருந்தது வேறொன்று. சிலவற்றில் பூஞ்சை நச்சு வேறு. முட்டைக்கு லேபிள் கிடையாது, பொய் சொல்லவும் தெரியாது.

"திட உணவு சாப்பிட்டா வாந்தி வருது சார், அதான் ஷேக்" என்பார்கள். சிரிக்கிற விஷயமில்லை. பாதிப் பேருக்கு அது அவசரம். பழைய வேகத்திலேயே வறண்ட சிக்கனை விழுங்கினால் திரும்பத்தான் வரும். சுண்டுவிரல் நகமளவு துண்டு, இருபது முப்பது தடவை மெல்லல், கூடவே கொஞ்சம் குழம்பு. அப்படியும் விடாமல் வாந்தி வந்தால் டப்பாவைத் தேடாதீர்கள், ஆபரேஷன் செய்த டாக்டரைத் தேடுங்கள். பாதை சுருங்கியிருக்கலாம். வைட்டமின் பி1 குறைந்து நரம்பையே பாதிக்கலாம். ஷேக் குடித்து இதை மறைப்பது ஆபத்து.

நம் தட்டில் சோறுதான் ராஜா. ராஜாவைக் கடைசி வரிசைக்கு அனுப்புங்கள். குழம்பிலிருந்து மீனை முதலில் எடுங்கள். சைவமா? பனீர், கெட்டித் தயிர், நன்றாக வெந்த சுண்டல், மீல் மேக்கர். காய்ந்த மீல் மேக்கர் 100 கிராமில் ஏறக்குறைய பாதி புரதம், விலையோ பவுடரின் பக்கத்தில்கூட வராது. இதெல்லாம் தின்றும் கணக்கு குறைகிறதா, ஒரு வேளை ஷேக் குடியுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்த வேலையை முட்டையும் செய்யாது, டப்பாவும் செய்யாது.

ஆஸ்பத்திரிக்காரர்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. டிஸ்சார்ஜ் காகிதத்தில் பவுடரை எந்தத் தேதியில் ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதுகிறீர்கள். எந்தத் தேதியில் குறைக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். எழுதாவிட்டால், வாசகரே, அடுத்த செக்கப்பில் நீங்களே கேளுங்கள். பதில் வருவதற்குள் புது டப்பா வந்தால், பில் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.