படத்திலிருப்பவள் யார்?

அண்மையில் நாம் உறவினர் வீடொன்றுக்குச் சென்றிருந்தோம். அவ்வீட்டுப் பெண்ணுக்குத் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதற்கென ஸ்ரூடியோவில் பிடித்த படங்கள் வந்திருந்தன. அம்மம்மாவிடம் ஒரு படத்தை நீட்டினார்கள். அவர் நெடுநேரம் உற்று நோக்கிவிட்டு, "இது ஆர் பிள்ளை?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தனர்; அப்பெண் மட்டும் சிரிக்கவில்லை. மாநிறமான அவளது முகம் படத்தில் சுண்ணாம்பு பூசிய சுவர்போல் வெளிறியிருந்தது. கழுத்தும் கைகளுமோ இயற்கை நிறத்திலேயே இருந்தன.

அம்மம்மாவின் கண்ணில் குறையில்லை. பெண்ணின் முகத்திலும் குறையில்லை. அவ்வாறாயின் குறை எங்கே?

படத்துக்கென ஒப்பனை செய்யும் வழக்கத்தின் வரலாறு இதற்கு விடை கூறும். பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருள்கள் நீலத்தையும் பச்சையையும் உணர்ந்தன; சிவப்பை உணரவில்லை. ஆதலால் சிவந்த உதடுகள் கறுப்பாகவும், மாநிற முகங்கள் கண்ணுக்குத் தோன்றுவதிலும் கருமையாகவும் பதிந்தன. அதனை ஈடுசெய்யப் பூச்சு உதவிற்று. எல்லா நிறங்களையும் உணரும் படச்சுருள் ஹொலிவூட்டில் பரவியபோது பழைய பூச்சுகள் பொருந்தவில்லை. ஒப்பனைக் கலைஞர் மாக்ஸ் பாக்டர் 1928ஆம் ஆண்டில் புதிய பூச்சுகளை ஆக்கினார். வர்ணப் படங்கள் வந்த பின்னரும் இடர் தீரவில்லை. நிறத்தைச் சரிபார்ப்பதற்கெனக் கொடாக் நிறுவனம் வழங்கிய மாதிரிப் படங்களில் பல ஆண்டுகளாக வெள்ளை நிறப் பெண்களே இருந்தனர். அவர்களின் நிறத்தை அளவுகோலாகக் கொண்டமையால் கரிய முகங்கள் தெளிவிழந்தன. ஆக, குறை கருவியிலேயே இருந்தது, முகத்திலன்று.

இன்றைய டிஜிற்றல் கமராக்கள் சிவப்பையும் நன்கு உணரும். எனினும் சில கவனங்கள் வேண்டும். நெற்றி, மூக்கு, நாடி ஆகிய இடங்களிலுள்ள எண்ணெய்ப்பசை ஒளியில் பளபளக்கும். பவுடர் போடுமுன் அதனை மெல்லிய தாளால் ஒற்றியெடுத்தல் நன்று. கழுத்தின் நிறத்தோடு ஒத்த பூச்சை யன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பார்த்துத் தெரிந்து, மெல்லியதாக இடவேண்டும். நாக ஒட்சைட்டு, தைத்தேனியம் ஈரொட்சைட்டு ஆகியன கலந்த பூச்சுகள் பிளாஷ் ஒளியைத் திருப்பியனுப்பி முகத்தை வெளிறச் செய்வதுண்டு. ஆகவே முதலில் ஒரு படம் பிடித்துப் பார்த்தல் நலம். வெள்ளைத் திரைக்கு முன்னே கமராவின் தானியங்கி அளவை நம்பி எடுத்தால் முகம் இருண்டு போகலாம். அதற்கு மருந்து பவுடரன்று. ஒளியளவைச் சிறிது கூட்டுவதேயாம்.

இவற்றையெல்லாம் நாம் எடுத்துக் கூறியபோது அப்பெண்ணின் தாயார் தாழ்ந்த குரலில், "கொஞ்சம் வெள்ளையா வரட்டும் எண்டு நான்தான் சொன்னனான்" என்றார். மறுவாரம் யன்னலருகே அமர்த்தி வேறு படம் பிடித்தார்கள். இம்முறை அம்மம்மா கேள்வியெதுவும் கேட்கவில்லை. படத்தைத் தம் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பெற்றோர்களே, "வெள்ளையாக வரட்டும்" என்று நாம் படப்பிடிப்பாளரிடம் கூறும் சொல், அருகே நிற்கும் பிள்ளையின் காதிலும் விழுகிறது என்பதை மறவாதிருப்போமாக.