அட்டைக் காசோலையின் மறுமுனை

அந்தப் புகைப்படத்தில் நானும் இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் நாளைக்கு யாராவது தேடி எடுத்துப் போட்டு, "இவனும்தானே அன்னைக்குப் பல்லக் காட்டிக்கிட்டு நின்னான்" என்று கேட்பார்கள். ஆமாம், நின்றேன்.

2017-ஆம் ஆண்டின் கடைசி. ஜாசின் வட்டாரத்தில் நான் படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளி. மண்டபம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். தகரக் கூரை போட்ட சிற்றுண்டிச்சாலைதான் அது. ஆறடி நீள அட்டையில் முப்பதாயிரம் ரிங்கிட் என்று எழுதிக் கொண்டுவந்தார்கள். ஒரு முனையை ஒய்.பி. பிடித்துக்கொண்டார். மறுமுனையைப் பிடிக்க வேண்டிய பள்ளி வாரியத் தலைவருக்குக் கை நடுக்கம். "தம்பி, நீ பிடி" என்றார். பிடித்தேன். மாலை, பொன்னாடை, மீகூன், சிரப் தண்ணீர். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. என் அம்மா அதை வெட்டிச் சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார்.

அந்தப் பணம் கழிப்பறைக்கு. பெண் பிள்ளைகளுக்கான நான்கு கழிப்பறைகளில் இரண்டுக்குக் கதவு இல்லை, ஒன்றில் தண்ணீர் வராது. அதைச் சரிசெய்யத்தான் முப்பதாயிரம்.

கோவிட் முடிந்து பள்ளிகள் திறந்த பிறகு ஒருநாள் என் அக்கா மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போனேன். மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். காலையில் கொடுத்தனுப்பிய தண்ணீர்ப் போத்தல் நிறைய அப்படியே இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால் சும்மா இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் நேரே கழிப்பறைக்கு ஓடினாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஒன்பது வயதுப் பிள்ளை, ஒண்ணுக்கு வந்துவிடக் கூடாதே என்று பள்ளி முடியும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள்.

மறுவாரம் பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு கதவு புதிது. மற்றதெல்லாம் 2017-இல் பார்த்தபடியே.

விசாரித்தேன். தலைமையாசிரியர் மாற்றலாகி வந்தவர், அவருக்குத் தெரியாது. வாரியத் தலைவர் இறந்துவிட்டார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில், "அது வாரியத்துக்கு வந்த காசுண்ணே, நமக்கு இல்ல" என்றார்கள். வாரியத்தில் மிச்சமிருந்த ஒருவர், "பாதிதான் வந்திச்சின்னு ஞாபகம்" என்றார். ஒய்.பி.யின் சேவை மையத்தில் வேறு கட்சிக்காரர் உட்கார்ந்திருந்தார். "அது அவங்க குடுத்த வாக்கு, அவங்களப் போய்க் கேளுங்க." நியாயம்தானே! 2018 பொதுத்தேர்தலில் மாநில ஆட்சி மாறியது. 2020 மார்ச்சில் மறுபடி மாறியது. 2021 அக்டோபரில் நாலு பேர் ஆதரவை விலக்கிக்கொள்ள, சட்டமன்றம் கலைந்து நவம்பரில் தேர்தல் வந்தது. 2017-க்கும் 2023-க்கும் இடையில் மலாக்கா நான்கு முதலமைச்சர்களைப் பார்த்துவிட்டது. கதவு மட்டும் ஒன்றுதான்.

யாரோ திருடிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. பணம் முழுக்க வந்து கூரைக்குச் செலவாகியிருக்கலாம். பாதி வந்து ஒழுங்காகவே செலவழிந்திருக்கலாம். வராமலேயே போயிருக்கலாம். ஐந்து வருடம் கழித்து ஒரு மனிதன் வந்து கேட்டால், இதில் எது நடந்தது என்று சொல்ல ஒரு தாள்கூட இல்லை. என் புகார் இதைப் பற்றித்தான். திருட்டு என்றால் போலீசுக்குப் போகலாம். கணக்கே இல்லையென்றால் எங்கே போவது?

இந்த நிலைமை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் இரண்டு வார்த்தைகளில் போய் முட்டிக்கொள்கிறேன்: தனியார் நிலம்.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று இருந்தது. அந்தப் பள்ளி எந்த லட்சணத்தில் இருந்தது என்பது வேறு கதை. ஆனால் வெள்ளைக்காரன் காலத்திலேயே சட்டத்தில் ஓர் எண் இருந்தது: பத்து. பத்துப் பிள்ளைகள் இருந்தால் கேட்கலாம். சுதந்திரத்துக்குப் பிறகு பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன, ஆனால் நிலம் தோட்டத்துக்காரனிடமே இருந்தது. அதனால்தான் இன்றைக்கும் நம் பள்ளிகளில் பெரும்பாலானவை முழு உதவி பெறாமல் பகுதி உதவி பெறும் பள்ளிகளாக இருக்கின்றன. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கும். மாணவர் தலைக்கு இவ்வளவு என்று மானியமும் வரும். கட்டடம், கூரை, கழிப்பறை என்று போனால், 'நிலம் யார் பேரில் இருக்கு?' என்ற கேள்வி வரும். 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்றைக்கு ஐந்நூற்றுச் சொச்சம். மலாக்காவில் 21. இதில் ஒவ்வொன்றின் வாசலிலும் அந்த நிலக் கேள்வி ஒருநாளாவது வந்து நின்றிருக்கும்.

பள்ளிக்கு மட்டுமல்ல இது. கிராமப்புற மேம்பாடு என்று கம்பத்துக்குத் தார்ச்சாலை வந்தது, விளக்குக் கம்பம் வந்தது, பாலர் பள்ளி வந்தது. கம்பத்தை ஒட்டியிருந்த லயத்துக்கு வரவில்லை. கேட்டால் தனியார் நிலம். 1991-இல் துரியான் துங்கல் அணை வற்றி மலாக்கா மாநிலமே குடமும் வாளியுமாக அலைந்தது. அப்போது தண்ணீர் லாரி எங்கள் தோட்டத்து முகப்புவரை வந்து திரும்பிப் போனதை அம்மா இன்னமும் சொல்வார். "உள்ள வந்தா தொரைக்கிட்ட பெர்மிசன் வாங்கணுமாம்டா." நிர்வாகத்தைக் கேட்டால் தண்ணீர் அரசாங்கத்தின் வேலை. அரசாங்கத்தைக் கேட்டால் தோட்டம் நிர்வாகத்தின் சொத்து. நடுவில் அம்மா, இரண்டு வாளிகளோடு.

சரி, இப்போது நாமெல்லாம் தோட்டத்தைவிட்டுத் தாமானுக்கு வந்தாகிவிட்டதே. ஆயர் குரோவிலும் மெர்லிமாவிலும் வீடு வாங்கி மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். ஆனால் தோட்டத்தில் கற்றுக்கொண்ட பழக்கம் கூடவே லாரியில் ஏறி வந்துவிட்டது. உரிமை என்று ஒன்று இல்லாத இடத்தில் எல்லாமே தானமாகத்தான் வந்து சேரும். தானம் கொடுப்பவனிடம் ரசீது கேட்க முடியுமா? மாலை போடத்தான் முடியும். அட்டைக் காசோலையின் தந்திரமே அங்கேதான் இருக்கிறது. அது வரிப்பணம். நான் கட்டிய வரி, அக்கா வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் கட்டிய வரி. ஆனால் அட்டையில் ஏறியதும் அது ஒய்.பி.யின் கைக்காசு மாதிரி ஆகிவிடுகிறது. நன்றியுரை என்று நிகழ்ச்சி நிரலில் போடுகிறோம். கணக்குரை என்று எங்காவது போட்டிருக்கிறோமா?

சுங்கை மலாக்கா ஓரத்தில் ஒரு மோனோரயில் உண்டு. பார்த்திருப்பீர்கள். 1.6 கிலோமீட்டர், ஏறக்குறைய 16 மில்லியன் ரிங்கிட். 2010 அக்டோபரில் திறந்தார்கள், மறுநாளே நடுவழியில் நின்றது. மழை பெய்தால் ஓடாது என்றார்கள். மலாக்காவில்! பிறகு வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்தது. எங்கள் ஊர் டீக்கடையில் அது பெரிய நகைச்சுவை. நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் முப்பதாயிரத்தால் வகுத்துப் பார்த்த அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்நூறுக்கு மேல் வருகிறது. மலாக்காவின் 21 தமிழ்ப்பள்ளிகளுக்கும் தலா இருபத்தைந்து முறை கழிப்பறை கட்டலாம். இந்தக் கணக்கு அநியாயம் என்பீர்கள், சுற்றுலாப் பணம் வேறு, பள்ளிப் பணம் வேறு என்பீர்கள். பை வேறுதான். அதில் பணம் போட்டவர்கள் ஒரே ஆட்கள்தானே.

"பெரிய பெரிய திருடனுங்கள விட்டுட்டு முப்பதாயிரத்துக்கு வந்துட்டான்" என்று ஒரு நண்பர் சொன்னார். 1எம்டிபி-யை மனதில் வைத்துச் சொன்னார். அந்தப் பெரிய கதையிலும் ஒரு தாள் இருக்கிறது, நண்பரே. 1எம்டிபி பற்றிய தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையை 2016-இல் அரசாங்க ரகசியச் சட்டத்தின் கீழ் பூட்டி வைத்தார்கள். 2018-இல் ஆட்சி மாறிய பிறகுதான் பூட்டு திறந்தது. ஒரு கணக்கு அறிக்கைக்கு எவ்வளவு பயப்படுகிறார்கள் என்று அதிலேயே தெரிந்துகொள்ளலாம். நம் சமூகத்துக்கென்று வருடத்துக்கு 100 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்பட்ட மித்ரா நிதியிலும் 2021-இல் ஊழல் தடுப்பு ஆணையம் புகுந்து ஆட்களைக் கைதுசெய்த பிறகுதான் நமக்கு விழிப்பு வந்தது. அதற்கு முன் எத்தனை அட்டைக் காசோலைப் படங்களைப் பத்திரிகையில் பார்த்துவிட்டுப் புரட்டிப் போனோம்?

தமிழனுக்குக் கணக்குக் கேட்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்த மறுவாரம் கணக்கு வாசிப்பார்கள். லயத்துச் சனம் மொத்தமும் உட்கார்ந்திருக்கும். கற்பூரம் எவ்வளவு, எலுமிச்சம்பழம் எவ்வளவு, மேளக்காரருக்கு எவ்வளவு. ஒருமுறை தேங்காய்க் கணக்கில் பதினெட்டு வெள்ளி இடித்தது. மண்டோர் மாமா எழுந்து நின்று, "அந்தப் பதினெட்டு வெள்ளி எங்க போச்சின்னு சொல்லிட்டுப் பொங்கலத் தொடு" என்றார். விடியவிடியச் சண்டை. தலைவர் மறுநாள் கையிலிருந்து போட்டுக் கட்டினார். பால்வெட்டி அன்றாடம் சாப்பிட்ட சனம் பதினெட்டு வெள்ளிக்கு அவ்வளவு கேட்டது. அதே மண்டோர் மாமா 2017-இல் முன்வரிசையில் உட்கார்ந்து முப்பதாயிரத்துக்குக் கை தட்டினார். கோயில் காசு நம் காசு, அரசாங்கக் காசு அவன் காசு. இதைத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது.

1994 டிசம்பரில் ராஜஸ்தானில் கோட் கிரானா என்ற கிராமத்தில் ஏறக்குறைய நம் கோயில் கணக்கு மாதிரிதான் ஒன்றைச் செய்தார்கள். அருணா ராயும் மற்றவர்களும் சேர்ந்து தொடங்கிய உழவர், தொழிலாளர் சங்கம் அது. அரசாங்க வேலைகளின் வருகைப் பதிவேட்டையும் செலவுச் சீட்டுகளையும் ஊர் நடுவில் சத்தமாக வாசித்தார்கள். வேலையே செய்யாதவர் பெயரில் கூலி எழுதியிருந்தது, கட்டாத கட்டடத்துக்குச் செலவு எழுதியிருந்தது, எல்லாம் அங்கேயே ஊர்க்காரர் வாயாலேயே வெளியே வந்தது. எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதுதான் அவர்கள் கோஷம். பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத சனம். 2005-இல் இந்தியாவுக்கே வந்த தகவல் உரிமைச் சட்டத்தின் வேர்களில் ஒன்று அந்தக் கூட்டம்.

நமக்கு அந்தச் சட்டம் இல்லை. பினாங்கும் சிலாங்கூரும் மாநில அளவில் தகவல் சுதந்திரச் சட்டம் நிறைவேற்றின. மலாக்காவில் கிடையாது. ஊராட்சி மன்றத்திலாவது நாம் தேர்ந்தெடுத்த ஆளிடம் கேட்கலாமா என்றால், 1965-இல் நிறுத்திய ஊராட்சித் தேர்தல் திரும்பி வரவேயில்லை. மன்ற உறுப்பினர் எல்லாம் நியமனம். இருந்தாலும் கையில் ஒன்றுமே இல்லை என்பது பொய். கூட்டரசு அரசியலமைப்பின் 106, 107-ஆம் பிரிவுகளின்படி தலைமைக் கணக்காய்வாளர் மாநிலக் கணக்குகளையும் தணிக்கை செய்தாக வேண்டும், அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். கணக்காய்வுத் துறையின் இணையத்தளத்தில் அறிக்கைகள் கிடக்கின்றன. மலாய் மொழியில்தான். எஸ்.பி.எம். எழுதிய நமக்கு மலாய் தெரியாதா என்ன? நான் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன். தாமதமான வேலை, கூடுதல் விலை, பயன்படாமல் கிடக்கும் கருவி என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. சில இடங்கள் நம் சிறுகதைகளைவிட விறுவிறுப்பு.

இதைச் சொல்லும்போது நம் இலக்கியக்காரர்களையும் விட்டுவிட முடியவில்லை. லயத்துக் கண்ணீரை மூன்று தலைமுறையாக எழுதியிருக்கிறோம். கங்காணி வந்துவிட்டான், தொரை வந்துவிட்டான், சாராயம் வந்துவிட்டது. வரவு செலவுத் திட்டம் மட்டும் எந்தக் கதையிலும் வரக் காணோம். நம் நூல் வெளியீடுகளிலும் ஒரு டத்தோ வருகிறார், மேடையில் மானியம் அறிவிக்கிறார், நாம் கை தட்டுகிறோம். அது எந்த ஒதுக்கீட்டிலிருந்து வருகிறது என்று எந்தச் செயலாளராவது கேட்டதுண்டா? கேட்டால் அடுத்த வருடம் அரங்க வாடகைக்கு வழியில்லை. பள்ளி வாரியத்தின் பயமும் இதே பயம்தான், அவர்களைக் குறைசொல்ல நமக்கு அதிகத் தகுதி இல்லை.

பயம் நிஜம். என் அம்மாவே சொன்னார்: "குடுக்கற மனுசனப் போய்க் கேள்வி கேட்டா நாளைக்கு யார்டா குடுப்பா?" பதில் சொல்லத் தெரியாமல்தான் இருந்தேன். அப்புறம் அக்கா மகள் தண்ணீர் குடிக்காத கதையைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்பக் கடுதாசி எழுது. மரியாதையா எழுது" என்றார்.

எழுதியிருக்கிறேன். மூன்று கடிதங்கள், பதிவுத் தபாலில். 2017-இல் அறிவித்த தொகை எந்த ஒதுக்கீட்டிலிருந்து வந்தது, எந்தத் தேதியில் எவ்வளவு பள்ளி வாரியக் கணக்கில் ஏறியது, எந்தக் குத்தகையாளருக்கு எந்த வேலைக்குப் போனது. இவ்வளவுதான் கேள்வி. மேற்கொண்டு பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒரு தீர்மானம் வைத்திருக்கிறேன்: இனி பள்ளிக்கு வரும் எந்த மானியமாக இருந்தாலும், வந்த தேதியையும் தொகையையும் செலவையும் சிற்றுண்டிச்சாலைச் சுவரில் ஒட்ட வேண்டும். அட்டைக் காசோலை கொண்டுவந்தால் வரவேற்போம், ஆனால் அதன் பின்பக்கத்தில் அந்தக் கணக்கை எழுதி அதே சுவரில் மாட்டுவோம். ஆண்டுக் கூட்டத்தில் ஓட்டுக்கு வருகிறது. ஆதரவாக இதுவரை ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஏழாவது கையெழுத்து மண்டோர் மாமா மகனுடையது.

2017-இன் அந்த அட்டை இன்னும் பள்ளிப் பொருளறையில் பூப்பந்து மட்டைகளுக்குப் பின்னால் இருக்கிறது. பின்பக்கம் வெறுமையாகத்தான் கிடக்கிறது, போன வாரம் எடுத்துப் பார்த்தேன். கீழே ஓரத்தில் கரையான் ஏறியிருக்கிறது. தட்டிவிட்டு மேல் தட்டில் வைத்துவிட்டு வந்தேன்.