வீட்டிற்குள் வரும் கம்பி



காக்ஸ் டவுன், ஜீவனஹள்ளிப் பகுதிகளில் வீடு சந்திப்புக்குச் செல்லும்போது, "பாஸ்டர், பழைய டெலிபோன் லைனிலேயே இன்டர்நெட் இருக்கட்டுமா, ஃபைபருக்கு மாறிவிடலாமா?" என்று பலர் கேட்கின்றனர். அவர்கள் எண்ணுவதெல்லாம் வேகத்தையும் மாதக் கட்டணத்தையும்தான். மின்சாரம் நின்றுபோன இரவில் அந்த வீட்டிலிருந்து ஒருவரை அழைக்க முடியுமா என்பதை எவரும் கேட்பதில்லை.

1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் தேதி வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அந்நாட்களில் மோடம் கூவிக்கொண்டிருக்கும் வரை தொலைபேசியில் வேறெவரும் பேச இயலாது. 2005-இல் பி.எஸ்.என்.எல். "டேட்டா ஒன்" பிராட்பேண்டைக் கொண்டுவந்தபோது அத்தொல்லை தீர்ந்தது. ஒரே செம்புக் கம்பியில் குரல் தாழ்ந்த அலைவரிசையிலும் இணையம் உயர்ந்த அலைவரிசையிலும் செல்ல, ஸ்பிளிட்டர் என்னும் சிறு பெட்டி அவ்விரண்டையும் பிரித்துக் கொடுத்தது. அக்காலத்தில் 256 கே.பி.பி.எஸ். வேகமே பிராட்பேண்ட் எனப்பட்டது. 2023-இல் அரசு அந்த வரம்பை 2 எம்.பி.பி.எஸ். ஆக உயர்த்தியது.

செம்புக் கம்பியின் குறை தூரம். அதன் உச்ச வேகம் 24 எம்.பி.பி.எஸ். என்றாலும், எக்ஸ்சேஞ்சுக்கு அருகிலுள்ள வீட்டிற்கே அது கிட்டும். மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளியிருப்போருக்குச் சில எம்.பி.பி.எஸ்.தான் வந்து சேரும். மழைநீர் இணைப்புகளில் இறங்கினால் அதுவும் குறையும். நாம் அனுப்பும் திசையிலோ ஏறத்தாழ 1 எம்.பி.பி.எஸ். மட்டுமே. 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து ஜெபக் கூடுகை நடத்தியவர்களின் முகம் திரையில் உறைந்து நின்றதற்கு இது பெரும் காரணம். பிறர் நம்மைத் தெளிவாகக் காண்பது நாம் அனுப்பும் வேகத்தைப் பொறுத்தது; விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவதோ நாம் பெறும் வேகம்.

ஃபைபரில் மின்சாரத்திற்குப் பதிலாக ஒளி, தலைமுடி போன்ற கண்ணாடி இழைக்குள் ஓடுகிறது. இருபது கிலோமீட்டர் சென்றாலும் வேகம் தளராது. பொதுவாக ஓர் இழையின் சுமார் 2.5 ஜி.பி.பி.எஸ். வேகத்தை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன; அதுவே தாராளம். ஆகையால் மாறுவதே நல்லது என்பது என் கருத்து. நிறுவனங்களும் செம்பைக் கைவிட்டு வருகின்றன.

ஆனால் கையொப்பமிடுமுன், "இழை என் வீட்டிற்குள் வருகிறதா, கட்டடம் வரைதானா?" என்று கேளுங்கள். இந்நகரில் பல இணைப்புகளில் இழை கட்டடத்தோடு நின்றுவிடும். மாடிப்படியருகே ஒரு பெட்டி, அங்கிருந்து சாதாரண லேன் கேபிள். அந்தப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஓடினாலும், படிக்கட்டு மின்சாரம் போனால் இணையமும் போய்விடும்.

இனி மின்தடைக்கு வருவோம். பழைய லேண்ட்லைனுக்கு 48 வோல்ட் மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக வரும். அங்கே பேட்டரிகள் உண்டு. தெரு முழுவதும் இருண்டாலும், கம்பி அறுபடாதவரை, சாதாரண ஃபோன் பேசும். ஃபைபர் ஃபோனோ வீட்டுப் பெட்டியின் மின்சாரத்தை நம்பியிருக்கிறது. எங்கள் சபையில் எழுபது கடந்த தாயார் ஒருவர் தனியே வாழ்கிறார். ஃபைபருக்கு மாறிய சில வாரங்களில் ஒரு புயல்மழை மாலையில் மின்சாரம் போயிற்று. கைப்பேசியிலும் சார்ஜ் இல்லை. துபாயிலிருக்கும் மகன் இரவெல்லாம் அழைத்துப் பார்த்தார். காலையில் எதிர்வீட்டார் கதவைத் தட்டிய பிறகே அவருக்கு உயிர் வந்தது. தாயாரோ நன்றாக உறங்கி எழுந்திருந்தார்! இப்போது ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் சிறு யு.பி.எஸ். ஒன்றை மகன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். சில மணி நேரம் தாங்குகிறது. முதியோர் இருக்கும் வீட்டில் வேகத்திற்குக் கூடுதலாகச் செலவிடும் பணத்தை இதற்குச் செலவிடுவது மேல்.

வேகம் எவ்வளவு வேண்டும்? தெளிவான வீடியோ அழைப்பு ஒன்றிற்கு 3 அல்லது 4 எம்.பி.பி.எஸ். போதும். நால்வர் உள்ள குடும்பத்திற்கு 40, 50 தாராளம். கண்டோன்மென்ட் பகுதியின் பழைய வீடுகளில் சுவர் தடிப்பு. முன்னறையில் ரவுட்டரை வைத்துவிட்டுப் பின்னறையில் இணையம் வரவில்லை என்று அதிக வேகத் திட்டம் வாங்குவது வீண்செலவு. பெட்டியை வீட்டின் நடுவில் உயரமாக வையுங்கள்.

வாடகைக்கு இருப்போர், சுவரில் துளையிட வீட்டுக்காரரிடம் முதலிலேயே அனுமதி பெறுங்கள். பதினொரு மாத ஒப்பந்தம் முடிய நான்கு மாதமே இருக்கையில், சலுகை என்று ஓராண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டாதீர்கள். வீடு மாறினால் மீதித் தொகை திரும்புமா என்பதை எழுத்தில் கேளுங்கள். பழுது ஏற்பட்டால் புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தியில்லையெனில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை.

இன்னுமொன்று. பல ஆண்டுகளாக ஊரிலுள்ள உறவினர் மனப்பாடமாக வைத்திருக்கும் உங்கள் லேண்ட்லைன் எண், வேறு நிறுவனத்திற்குச் சென்றால் கூட வராது. பழைய நிறுவனத்திலேயே செம்பிலிருந்து ஃபைபருக்கு மாறினால் அதே எண்ணைப் பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். அதை விண்ணப்பத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பழைய இணைப்பைத் துண்டித்த பின்பு கேட்டால் கிடைப்பது கடினம்.