தேடுபொறிச் சந்தையில் போட்டி எங்கே?

கூகுளை வீழ்த்தப்போவது மைக்ரோசாப்டின் பிங்கா, செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களா என்று முதலாளித்துவ ஊடகங்கள் ஆரூடம் சொல்லி வருகின்றன. சிறந்த பொருளே சந்தையில் வெல்லும் என்ற நம்பிக்கை இந்த விவாதத்தின் அடித்தளம். அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களோ வேறு கதை சொல்கின்றன.

தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் கட்டிக்காத்தது என்று 2024 ஆகஸ்டில் வாஷிங்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைபேசிகளிலும் உலாவிகளிலும் தன் தேடுபொறியே முதலில் இடம்பெற, 2021-ல் மட்டும் அந்நிறுவனம் 2,630 கோடி டாலர் கொடுத்திருந்தது. ஏகபோக லாபம் போட்டியாளரின் வாசலை அடைக்கிறது. அடைபட்ட வாசல் மேலும் லாபத்தைக் குவிக்கிறது.

தீர்வு என்ன? பிரத்தியேக ஒப்பந்தங்களுக்குத் தடை விதித்த அதே நீதிமன்றம், 2025 செப்டம்பரில், குரோம் உலாவியை விற்கச் சொல்ல மறுத்தது. இடத்துக்குப் பணம் கொடுப்பதையும் அனுமதித்தது.

இந்தியாவில், ஆண்ட்ராய்டு கைபேசி வழக்கில் போட்டி ஆணையம் 2022-ல் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதற்கு ஈராண்டுகள் முன்பே, அம்பானியின் ஜியோவில் கூகுள் அறிவித்த முதலீடு 33,737 கோடி! உள்நாட்டுப் பெருமுதலாளிகள் இந்த ஏகபோகத்தை எதிர்ப்பார்கள் என்பது பகல் கனவு.

போட்டியே ஏகபோகத்தை ஈன்றெடுக்கிறது என்றார் லெனின். எனவே, எந்த நிறுவனம் வெல்லும் என்பதல்ல நம் கேள்வி. மக்களின் தேடல்களால் வளர்ந்த தரவுக் களஞ்சியம் யாருக்குச் சொந்தம் என்பதே கேள்வி. அதைப் பொதுச் சொத்தாக்கி ஜனநாயகக் கட்டுப்பாட்டில் கொண்டுவரும் கோரிக்கையை இடதுசாரிகளே உரக்க எழுப்ப வேண்டும்.