துருப்பிடிச்ச சேஸிஸ்: ஒட்டுப் போடலாமா, எடைக்குப் போடலாமா?



செல்லூர்னு சொன்னாலே வெளியூர்க்காரய்ங்களுக்கு 2017-ல வைகை அணையில மிதந்த தெர்மாகோல்தான் ஞாபகம் வருது. என்னத்தச் சொல்ல :-) எங்களுக்கு செல்லூர்னா தறிச் சத்தம், கபடி, கண்மாய். இப்ப கொஞ்ச நாளா எங்க தெருவுல இன்னொரு பஞ்சாயத்தும் சேர்ந்துக்கிச்சு. தறி போட்டிருக்கிற மாப்ள ஒருத்தன் ராமநாதபுரம் பக்கம் இருந்து ஒரு பழைய மஹிந்திரா ஜீப்பைப் பிடிச்சுட்டு வந்து நிறுத்தியிருக்கான். எஞ்சின் கும்முனு இருக்கு. ஃபோர் வீல் விழுகுது. பாடி சுமார். ஆனா குனிஞ்சு அடியில பார்த்தா சேஸிஸ் அப்பளம் மாதிரி உரிஞ்சு தொங்குது.

ஆளுக்கு ஒரு தீர்ப்பு. "பேசாம காயலான் கடைக்குப் போடுறா, பேரீச்சம்பழமாவது கிடைக்கும்"னு அவங்க பெரியப்பா. "ஒரு வாரம் குடுங்கண்ணே, ஒட்டுப் போட்டு நிமித்திடலாம்"னு வெல்டிங் பட்டறைத் தம்பி. "பஞ்சாப் பக்கம் டப்வாலியில புது சேஸிஸே கிடைக்குதாம் மாப்ள, பழைய நம்பரை வெட்டி ஒட்டிக்கலாம்"னு யூடியூப் பார்த்துட்டு வந்த ஒரு பங்காளி. மாப்ளைக்கு ஒரே ஒரு ஆசைதான். பொண்டாட்டி புள்ளைகளை ஏத்திக்கிட்டு சிறுமலையோட 18 கொண்டை ஊசி வளைவையும் அந்த ஜீப்புல ஏறணும்.

அதாகப்பட்டது, இதுல என் கருத்து என்னங்கிறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். இன்னைக்கு வர்ற சின்னக் கார்கள்ல பாடியேதான் எலும்பு. ஜீப்பு அப்படி இல்ல. ரெண்டு நீளக் கம்பிக்கு நடுவுல குறுக்குச் சட்டம் போட்ட ஏணி மாதிரி ஒரு சேஸிஸ். எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்பிரிங், ஸ்டியரிங் பெட்டி எல்லாம் அந்த ஏணியிலதான் மாட்டியிருக்கு. பாடி சும்மா மேல உக்காந்திருக்கு. 1947-ல வில்லிஸ் ஜீப்பை இங்க கொண்டுவந்து பூட்ட ஆரம்பிச்ச காலத்துல இருந்து, எம்.எம்.540, மேஜர்னு வந்து, இன்னைக்குத் தார் வரைக்கும் மஹிந்திராவுல இதே ஏணிக் கதைதான். அதனால கதவுல ஓட்டை விழுந்தா டிங்கரிங் பண்ணி பெயிண்ட் அடிச்சுட்டுப் போயிடலாம். ஏணியில ஓட்டைன்னா அது வேற கணக்கு.

சரி, மதுரை மாதிரி காஞ்ச ஊர்ல ஜீப்பு ஏன் இப்படித் துருப்பிடிக்கும்? பிடிக்காது. இது தனுஷ்கோடியில ஓடுன வண்டி. 1964 புயல்ல ஊரே அழிஞ்சதுக்கு அப்புறம் தனுஷ்கோடிக்கு ஒழுங்கான ரோடு கிடையாது. முகுந்தராயர் சத்திரத்துல இருந்து அரிச்சல்முனைக்கு 9.5 கிலோமீட்டர் ரோடு திறந்தது 2017 ஜூலையிலதான். அதுவரைக்கும் சுத்திப் பார்க்க வர்றவங்களை ஜீப்பும் வேனும்தான் மணல்லயும் உப்புத் தண்ணியிலயும் விட்டு ஏத்திக்கிட்டுப் போச்சு. போனவங்களுக்குத் தெரியும், இடுப்பு கழண்டுரும்.

உப்பு என்ன பண்ணும்னா, காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து இரும்பு மேல வெச்சுக்கும். அந்த உப்புத் தண்ணி மின்சாரத்தை நல்லாக் கடத்தும்கிறதால துருப்பிடிக்கிற வேலை வேகமா நடக்கும். வெளிப்பக்கத்தைத் தண்ணி அடிச்சுக் கழுவிடலாம். சட்டத்துக்கு உள்ள போய் அடைஞ்ச மணலை யாரு கழுவுறது? அது வருஷக்கணக்கா ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு உள்ள இருந்தே அரிக்கும். போதாததுக்கு, துரு அது தின்ன இரும்பை விடப் பல மடங்கு இடத்தை அடைச்சுக்கும். ரெண்டு தகடு சேர்ற இடத்துல துரு பூந்தா, பெரிய போல்ட்டையே நெம்பி விரிச்சுடும்.

அதே கடல்காத்துல இன்னொரு உதாரணம் இருக்கு, நம்ம பாம்பன் ரயில் பாலம். 1914-ல திறந்தது. பெயிண்ட் அடிச்சு, பாகம் மாத்தி, பலப்படுத்தி நூறு வருஷத்துக்கு மேல ஓட்டுனாங்க. அதுவரைக்கும் ரிப்பேர் பண்ணுனது சரிதான். ஆனா நடுவுல தூக்குற பாகமே அரிச்சுப் போச்சுன்னு தெரிஞ்சதும் 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்திட்டாங்க. பக்கத்துலயே கட்டுன புதுப் பாலம் 2025 ஏப்ரல்ல திறந்துச்சு. நம்ம ஜீப்பு விஷயத்துலயும் துரு எவ்வளவு இருக்குங்கிறது ரெண்டாவது கேள்வி. எந்த இடத்துல இருக்குங்கிறதுதான் முதல் கேள்வி.

சோதிச்சுப் பார்க்கப் பெரிய மெஷினெல்லாம் வேண்டாம். சின்னச் சுத்தியல், பழைய ஸ்க்ரூடிரைவர், டார்ச் போதும். தட்டுனா "டங்"னு கணீர்னு சத்தம் வந்தா இரும்பு இருக்கு. "டொப்"புன்னு வந்தாலோ, தூள் கொட்டுனாலோ, ஸ்க்ரூடிரைவர் உள்ள எறங்குனாலோ அங்க இரும்பு இல்ல, இரும்போட ஞாபகம்தான் இருக்கு. சட்டத்துல இருக்கிற ஓட்டை வழியா டார்ச்சையும் செல்போன் கேமராவையும் காட்டி உள்பக்கம் பாருங்க. சேஸிஸ்ல ஜாக்கி போட்டுத் தூக்குறப்ப, ஜாக்கி உள்ள அமுங்குதா, பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவுல இடைவெளி மாறுதான்னு கவனிங்க. அப்புறம் டேப்பு பிடிச்சு ரெண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்க. ரெண்டும் ஒண்ணா இல்லன்னா ஏணி ஏற்கெனவே கோணிக்கிச்சுன்னு அர்த்தம். ஒரு எச்சரிக்கை: விக்கிறதுக்கு முன்னாடி கெட்டியா கறுப்பு பெயிண்ட் அடிச்சு வெச்சிருப்பாய்ங்க. பளபளன்னு இருக்கிற சேஸிஸை ரெண்டு தட்டு கூடவே தட்டுங்க.

இதை வெச்சு நான் மூணாப் பிரிப்பேன்.

1. மேலாப்புல துரு, இரும்பு கெட்டியா இருக்கு: தாராளமாச் சரி பண்ணுங்க. துருவைச் சுரண்டி எடுத்து, ஜிங்க் ப்ரைமர் அடிச்சு, உட்பக்கம் மெழுகு மாதிரி இருக்கிற துருத்தடுப்பைப் பீய்ச்சி விட்டா இன்னும் பல வருஷம் ஓடும்.

2. பாரம் ஏறாத இடத்துல ஒண்ணு ரெண்டு ஓட்டை, சுத்தி நல்ல இரும்பு இருக்கு: கெட்ட பாகத்தை வெட்டி எடுத்துட்டு, அதே கனத்துல தகடு வெச்சுப் பத்த வைக்கலாம். விஷயம் தெரிஞ்ச ஆள் பண்ணணும்.

3. ஸ்பிரிங் மாட்டுற பிராக்கெட், ஷாக்கிள், ஸ்டியரிங் பெட்டி, எஞ்சின் உக்கார்ற இடம், இதுல எதுலயாவது இரும்பு போச்சு: ஒட்டுப் போடாதீங்க. ஸ்பிரிங் பிராக்கெட் பிஞ்சா ஆக்சில் பின்னாடி நகரும், வண்டி தன்னிஷ்டத்துக்குத் திரும்பும். ஸ்டியரிங் பெட்டி ஆடுனா நீங்க ஒடிக்கிறது ஒரு பக்கம், வண்டி போறது ஒரு பக்கம். இதெல்லாம் வீட்டு வாசல்ல நடக்காது. முழுப் பாரத்தோட எட்டாவது வளைவுல நடக்கும்.

"நாமக்கல்ல லாரி சேஸிஸையே வெல்டிங் வெச்சு ஓட்டுறாய்ங்க, ஜீப்பு எம்மாத்திரம்?"னு பட்டறைத் தம்பி கேட்டாப்ல. நியாயமான கேள்விதான். அவர் கைத்தொழிலை நான் குறை சொல்லல. ஆனா லாரி சட்டம் நல்ல கனம். அங்க விரிசல் விட்ட நல்ல இரும்பு மேல, நல்ல இரும்பை வெச்சுப் பலப்படுத்துறாங்க. இங்க பத்த வைக்க வேண்டிய ஓரமே பாதித் துரு. வெல்டிங் பிடிக்கிறதுக்கு அங்க எதுவும் மிச்சமில்ல. இன்னொண்ணு, சதுரமா ஒரு தகட்டை வெச்சுச் சுத்திப் பத்த வெச்சா, தகடு முடியிற கோட்டுலதான் எல்லாப் பாரமும் வந்து நிக்கும். அடுத்த விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். அதனாலதான் தெரிஞ்சவங்க தகட்டு ஓரத்தை நேரா வெட்டாம மீன் வாய் மாதிரி வெட்டி வைக்கிறாங்க. அது போக, வெல்டிங் சூட்டுல உள்பக்கப் பெயிண்ட் கருகி, புதுத் துருவுக்கு அங்கயே அடிக்கல் நாட்டிருவோம். வெளியில பார்க்க ஜம்முனு இருக்கும். இதுதான் எனக்குப் பயமே. ஓட்டை தெரிஞ்சா மனுஷன் மெதுவாப் போவான். மூடி பெயிண்ட் அடிச்சுட்டா நம்பி ஓட்டுவான். அவன்கிட்ட இருந்து வாங்குறவன் இன்னும் நம்பி ஓட்டுவான்.

இது ஏதோ செல்லூர்க்காரன் பயம்னு நெனைக்காதீங்க. அமெரிக்காவுல குளிர்காலத்துல பனி உருகுறதுக்காக ரோட்டுல உப்பைக் கொட்டுவாங்க. அதுல டொயோட்டாவோட டகோமா பிக்கப் வண்டிகளுக்கு சேஸிஸ் அரிச்சு ஓட்டை விழுந்துச்சு. 2008-ல கம்பெனி பழைய டகோமாக்களுக்குத் துரு வாரண்டியை 15 வருஷமா நீட்டி, மோசமான வண்டிகளை மார்க்கெட் விலையில ஒண்ணரை மடங்கு குடுத்துத் திரும்ப வாங்கிக்கிச்சு. கோர்ட்டுக்குப் போன இன்னொரு வழக்குல 2016-ல சமரசம் ஆச்சு. சுமார் 15 லட்சம் வண்டி, மதிப்பு 340 கோடி டாலர் வரைக்கும். அதுல வெச்ச அளவு என்ன தெரியுமா? 10 மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ ஓட்டை இருந்தா சேஸிஸையே மாத்திக் குடுக்கணும். நம்ம சுண்டுவிரல் நுழையிற ஓட்டை! அவ்வளவு பெரிய கம்பெனி ஒட்டுப் போட்டு அனுப்பலங்கிறதைக் கவனிங்க.

அப்போ புது சேஸிஸ் மாத்திடலாமே? லாஜிக்படி அதுதான் சரி. இங்கிலாந்துல பழைய லேண்ட் ரோவர்காரங்க துத்தநாகத்துல முக்கி எடுத்த புது சேஸிஸை மாத்திக்கிட்டு ஜாலியா ஓட்டுறாங்க. பழைய அளவுலயே செஞ்ச புது சேஸிஸ்னா பழைய பதிவு எண்ணை வெச்சுக்க அங்க சட்டத்துல வழி இருக்கு. நம்ம ஊர்ல சேஸிஸ் நம்பர்தான் வண்டியோட பிறப்புச் சான்றிதழ். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லிடுச்சு. அதே வருஷத் திருத்தப்படி, அனுமதி இல்லாம மாத்துற ஓனருக்கு ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம், இல்ல ரெண்டும். நம்பரை வெட்டி இன்னொரு சேஸிஸ்ல ஒட்டுறது அப்பட்டமாத் திருட்டு வண்டிக்காரன் பண்ற வேலை. நாளைக்கு ஒரு விபத்துன்னா இன்சூரன்ஸ்காரன் முதல்ல அதைத்தான் பார்ப்பான். அதனால பங்காளியோட யோசனை அவுட்டு. மாத்துறதா இருந்தா முதல்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ், எழுத்துல அனுமதி. அதுக்கு அப்புறம்தான் ஸ்பேனர்.

செலவையும் பார்த்துடலாம். 15 வருஷம் தாண்டுன வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா பதிவைப் புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல இருந்து காருக்கு அந்தக் கட்டணம் 600-ல இருந்து 5000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டுன வண்டிக்கு 10,000 ஆக்கிட்டாங்க. இது போக பசுமை வரி. எஃப்.சி. காட்டுறப்ப இன்ஸ்பெக்டர் குனிஞ்சு அடியில பார்த்தார்னா அதோட கதை முடிஞ்சுது.

மாப்ள வண்டியைத் தட்டிப் பார்த்தோம். நடுவுல சட்டம் பரவாயில்ல. பின்பக்க ஸ்பிரிங் பிராக்கெட் ரெண்டு பக்கமும் கையோட வருது. ஸ்டியரிங் பெட்டிக்குக் கீழ ஸ்க்ரூடிரைவர் எறங்குது. மூணாவது ரகம். நான் அவன்கிட்ட நேராவே சொல்லிட்டேன்: இந்த சேஸிஸ்ல ஒட்டு வேண்டாம். அனுமதி வாங்கி வேற சேஸிஸ் மாத்த முடிஞ்சா மாத்து. முடியலன்னா எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாத்தையும் கழட்டி வித்துரு. திலகர் திடல் சண்டே மார்க்கெட்ல இருந்து சென்னை புதுப்பேட்டை வரைக்கும் வாங்க ஆள் இருக்கு. மிச்சம் எடைக்கு. ஆனா ஆர்.சி. புத்தகத்தை மட்டும் எவன்கிட்டயும் குடுத்துராத. வண்டி இனி ஓடாதுன்னு முடிவாச்சுன்னா 14 நாளைக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிச்சு ரத்து பண்ணணும்னு 55-வது பிரிவு சொல்லுது. செத்த ஜீப்போட ஆர்.சி.யை வெச்சுத் திருட்டு ஜீப்புக்கு உயிர் குடுக்கிற கும்பல் இருக்கு. அதுல உன் பேரு வரக்கூடாது.

அவனுக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. எல்லாராலயும் ஷோரூம்ல போய்ப் புதுத் தார் எடுத்துட முடியுமா? தறியில சம்பாதிக்கிறவனுக்குப் பழைய ஜீப்புதான் எட்டுற ஆசை. அதுக்காக அந்த ஆசையைப் பின்சீட்டுல உக்கார்ற புள்ளைக தலையில கட்ட முடியாது. பழைய வண்டிங்க மேல எனக்கும் கிறுக்கு உண்டு. முதல் ரகமும் ரெண்டாவது ரகமும்னா நானே லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அடியில படுத்துருவேன்.

கடைசியா, பழைய ஜீப்பைப் புதுப்பிச்சேன்னு பதிவு போடுற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பளபளன்னு முகப்புப் படம் மட்டும் போடாதீங்கப்பா. அடியில படுத்து எடுத்த படம் நாலு சேர்த்துப் போடுங்க, வெட்டுனது எங்க, ஒட்டுனது எங்கன்னு காட்டி. அதைப் பார்த்துத்தான் அடுத்தவன் வண்டி வாங்குறான். ஆர்.டி.ஓ. அனுமதியோட முறைப்படி சேஸிஸ் மாத்தின அனுபவம் யாருக்காவது இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க, புண்ணியமாப் போகும்.

டிஸ்கி: நான் எஞ்சினியரும் இல்ல, வக்கீலும் இல்ல. சுத்தியல் வெச்சிருக்கிற ஒரு சாதாரணப் பதிவர். முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி நல்ல மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய் அடியில காட்டிருங்க.