வண்ணக்கர் வேண்டும்!

சங்கப் புலவர் பெயர்களைப் பயிலும் மாணவர், வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், வடம வண்ணக்கன் தாமோதரனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என்னும் பெயர்களை எளிதாகக் கடந்து சென்றுவிடுகின்றனர். வண்ணக்கன் என்பான் பொன்னையும் நாணயத்தையும் நோக்கி அவற்றின் மாற்றினை உரைப்பவன். அத்தொழிற்பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட புலவர்கள் வாழ்ந்த நாடு இது. ஆயின் இன்று ஓர் இளைஞர், 'பொன்னின் தரம் ஆயும் தொழிலை முறையாகக் கற்க எங்குச் செல்வது?' என வினவினால், விடை கூறுவார் அரியர்.

இவ்வினா இன்று எழுவதற்குக் காரணம் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000ஆம் ஆண்டில் பொன் நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரை வழங்கத் தொடங்கியது. 2021 ஜூன் முதல் அது படிப்படியாக மாவட்டந்தோறும் கட்டாயமாக்கப்பட்டு வருகின்றது. 2023 ஏப்ரல் முதல், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்கத் தனிக்குறியும் அம்முத்திரையில் இடம்பெறல் வேண்டும் என்பது விதியாயிற்று. முத்திரை பெருகுங்கால், அதன் பின்னின்று சோதிக்கும் கைகளும் பெருக வேண்டுமன்றோ?

சாத்தாங்காட்டு எஃகு அங்காடியில் சுமையேற்றும் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். எஃகு வாங்கும் வணிகர் ஆலையின் சோதனைச் சான்றைக் கேட்டுப் பெறுவார். அத்தொழிலாளி மகளின் திருமணத்திற்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கும் ஐந்து பவுன் சங்கிலிக்கு யார் சான்று? 22 காரட் எனில் ஆயிரத்தில் 916 பங்கு தூய பொன் இருத்தல் வேண்டும். உள்ளபடி 20 காரட்டே இருப்பின், 40 கிராம் நகையில் ஏறத்தாழ 3.3 கிராம் பொன் குறையும். அக்குறை கண்ணுக்குப் புலனாகாது. அதனைக் கண்டுரைக்க வல்லவர் ஆய்வாளரே.

அவ்வாய்வு எளிய செயலன்று. நகையின் சிறு துணுக்கை நுண்தராசில் நிறுத்து, வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் பொதிந்து, 1000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட உலையில் இடுவர். உருகிய ஈயம், செம்பு முதலிய கலப்புகளுடன் சேர்ந்து, துளையுடைய சிறு கிண்ணத்துள் ஊறிவிடும். எஞ்சும் மணியைத் தட்டிச் சுருட்டி நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சினால் வெள்ளி கரைய, பொன் மட்டும் நிற்கும். அதன் நிறையே தீர்ப்பு. 'ஊடுகதிர்க் கருவி நொடியில் சொல்லிவிடுமே' என்பாரும் உளர். அக்கருவி பெரிதும் மேற்பரப்பையே அறியும். முலாம் அதனை ஏமாற்றும். ஐயம் எழுந்தவிடத்து இறுதிச் சொல் நெருப்பினுடையதே.

இத்தொழிலுக்கு முறையான பயிற்சி புதுமையுமன்று. இலண்டன் அரச நாணயசாலையில் பயின்று, 1819இல் கல்கத்தா வந்து, பின்னர்க் காசி நாணயசாலையின் ஆய்வுத் தலைவராக விளங்கியவர் ஜேம்ஸ் பிரின்செப். அசோகர் காலப் பிராமி எழுத்தை 1837இல் படித்தறிந்தவரும் அவரே. பொன்னாய்வு பயிற்றுவித்த பொறுமையும் நுண்ணோக்கும் எழுத்தாய்வுக்கும் துணை நின்றன எனில் மிகையாகாது. நம் வடசென்னையிலும் தங்கசாலை என்னும் பெயர் பழைய நாணயசாலையை இன்றும் நினைவூட்டுகின்றது.

இன்றுள்ள வழிகள் யாவை? கூட்டுறவு மேலாண்மை நிலையங்கள் நகை மதிப்பீட்டுப் பயிற்சி அளிக்கின்றன. அஃது அடகு நகையை மதிப்பிடுவார்க்கு உதவும். உலையாய்வு அதனின் வேறு. தர நிர்ணய அமைவனத்தின் பயிற்சி நிறுவனம் தொலைவிலுள்ள நொய்டாவில் இயங்குகின்றது. ஆதலின் வேதியியல் பட்டம் பெற்றோர் பலர் ஆய்வு மையத்தில் சேர்ந்து, மூத்தோர் கைபார்த்தே கற்க நேர்கின்றது. ஈயப் புகையும் அமில ஆவியும் உடலைக் கெடுப்பன. காப்பு முறைகளை அரைகுறையாகக் கற்பார் தம் நலத்தையே விலையாகத் தருவர்.

எனவே, வடசென்னைக் கல்லூரிகளின் வேதியியல் துறைகள் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பொன்றைத் தொடங்குதல் வேண்டும். உலையும் தராசும் புகைபோக்கியும் கல்லூரியில் அமையட்டும். செய்முறைப் பயிற்சி உரிமம் பெற்ற மையங்களில் நிகழட்டும். தமிழ்த்துறைக்கும் இதிற் பங்குண்டு. மாற்று, உரைகல், கட்டளைக்கல், புடம் எனச் சொற்கள் நம்மிடம் நிறைந்துள்ளன. அவற்றைத் தொகுத்துத் தமிழிலேயே ஒரு செயல்முறைக் கையேடு ஆக்கித் தரலாம். முத்திரையை அரசு தந்துவிட்டது. அம்முத்திரையை நம்பத்தக்கதாக்கும் கைகளை உருவாக்குதல் கல்விக்கூடங்களின் கடன்.