பாட்டு எழுதியவருக்கு மூன்றில் ஒரு பங்கு

1955 மே மாதம் செயின்ட் லூயிஸ் நகரத்திலிருந்து சிகாகோவுக்கு ஒரு கறுப்பின இளைஞர் போகிறார். தச்சரின் மகன். கார் ஆலையில் வேலை பார்த்தவர், சிகை அலங்காரம் படித்தவர், இரவுகளில் மதுக்கூடங்களில் கிதார் வாசித்தவர். சிகாகோவில் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸைச் சந்திக்கிறார். 'செஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் லியோனார்ட் செஸ்ஸைப் போய்ப் பார்' என்கிறார் வாட்டர்ஸ். அதே மாதம் ஒரு பாட்டு பதிவாகிறது. பாட்டின் பெயர் 'மேபெலின்'. பாடியவர் சக் பெர்ரி.

பாட்டு பெருவெற்றி பெறுகிறது. கறுப்பர்களுக்கென்று தனியாக ஒதுக்கியிருந்த தரவரிசையில் முதலிடம், வெள்ளையர்கள் வாங்கும் பொதுத் தரவரிசையில் ஐந்தாம் இடம். ஆனால் பாட்டை எழுதியவர்கள் என்று மூன்று பெயர்கள் இருந்தன. சக் பெர்ரி, ஆலன் ஃப்ரீட், ரஸ் ஃப்ராட்டோ. ஃப்ரீட் நியூயார்க்கின் புகழ்பெற்ற வானொலி அறிவிப்பாளர். ஃப்ராட்டோ செஸ் சகோதரர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர். இருவரும் அந்தப் பாட்டில் ஒரு வரிகூட எழுதியதில்லை. பாட்டு வெளிவந்த பிறகுதான் இந்தப் பெயர்கள் இருப்பதே தனக்குத் தெரியும் என்று பெர்ரி பின்னாளில் சொன்னார். எழுதியவருக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு. முழு உரிமையை மீட்க அவருக்கு 1986 வரை ஆனது. முப்பத்தோரு ஆண்டுகள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது, தோழர்களே. ஆலன் ஃப்ரீட் வெள்ளை நிறவெறியர் அல்ல. கறுப்பர் இசையை வெள்ளை இளைஞர்களின் காதுக்குக் கொண்டு சேர்த்தவர், அதற்காகவே வசை வாங்கியவர். நண்பர்தான். ஆனால் வாசல் அவர் கையில் இருந்தது. வாசலைத் திறந்துவிட்டவருக்குச் சுங்கம் கட்ட வேண்டியிருந்தது. கதவை அடைக்கும் எதிரியை அடையாளம் காண்பது எளிது. கதவைத் திறந்துவிட்டு விளைச்சலில் பங்கு கேட்கும் நண்பரை அடையாளம் காண்பதுதான் கடினம்.

'மேபெலின் மட்டும் என்ன சுயம்புவா? ஐடா ரெட் என்ற பழைய வெள்ளைக் கிராமியப் பாட்டிலிருந்து பிறந்ததுதானே?' என்று உடனே ஒரு கேள்வி வரும். ஆமாம், பிறந்ததுதான். இசை அப்படித்தான் கைமாறி வளரும். யாருக்கும் சொந்தமில்லாத நாட்டுப்புறப் பாட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் புதிதாக்குவது வேறு. உயிரோடு இருக்கும் ஒரு மனிதரின் உழைப்பின் மேல் தன் பெயரை ஒட்டி, மாதாமாதம் பணம் வாங்குவது வேறு. முன்னதற்குப் பெயர் மரபு, பின்னதற்குப் பெயர் திருட்டு.

இசை வரலாற்றில் இந்தத் திருட்டுக்கு நாகரிகமாக 'தாக்கம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1963இல் பீச் பாய்ஸ் குழு 'சர்ஃபின் யுஎஸ்ஏ' வெளியிட்டது. மெட்டு பெர்ரியின் 'ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்'. முதலில் அச்சான பெயர் பிரையன் வில்சனுடையது. பிரச்சினை எழுந்ததும் பாட்டின் உரிமை போய்ச் சேர்ந்த இடம் ஆர்க் மியூசிக். அந்த வெளியீட்டு நிறுவனத்தில் செஸ் சகோதரர்களே பங்குதாரர்கள். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் மீதும் ஒரு வழக்கு வந்தது. பெர்ரியின் 'யூ கான்ட் கேட்ச் மீ' பாட்டை 'கம் டுகெதர்' பாட்டில் எடுத்தாண்டார் என்று. வழக்குத் தொடுத்தவர் பெர்ரி என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அந்தப் பாட்டின் வெளியீட்டு உரிமையைக் கையில் வைத்திருந்த மோரிஸ் லெவி என்ற வணிகர்தான் தொடுத்தார். இரண்டு தகராறுகள், இரண்டிலும் பாட்டு சக் பெர்ரியுடையது, இரண்டிலும் பேரம் பேசும் நாற்காலியில் வேறொருவர்.

பாட்டுக்குள்ளேயும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1958இல் வந்த 'ஜானி பி. குட்' தன் கதைதான் என்று பெர்ரி சொல்லியிருக்கிறார். முதலில் அந்தப் பையனின் தோல் நிறத்தைச் சொல்லும் சொல்தான் எழுதியிருந்தாராம். வெள்ளையர் வானொலிகள் ஒலிபரப்ப வேண்டுமே என்று அதை எடுத்துவிட்டு 'நாட்டுப்புற' என்று பொருள்படும் சொல்லைப் போட்டார். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் வைத்த தங்கத் தட்டில் இந்தப் பாட்டும் போனது. சூரிய மண்டலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிற அந்தப் பையனுக்கு இன்னும் நிறம் கிடையாது.

இனி, நம்மில் பலர் பேசத் தயங்கும் பகுதி. 1959இல் பெர்ரி கைதானார். 14 வயதுச் சிறுமியைத் தவறான நோக்கத்தோடு மாநில எல்லை தாண்டி அழைத்து வந்தார் என்பது குற்றச்சாட்டு. அந்த 'மேன் சட்டம்' கறுப்பின ஆண்களைக் குறிவைக்கப் பயன்பட்டது உண்மை. குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜான்சனைச் சிறைக்கு அனுப்பியதும் அதே சட்டம்தான். முதல் விசாரணையில் நீதிபதி நடந்துகொண்ட விதம் நிறவெறி தோய்ந்தது என்று மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானது. இரண்டாம் விசாரணையில் தண்டனை உறுதியாகி, 1962 முதல் ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தார்.

நீதிபதி நிறவெறியர் என்பதால் அந்தச் சிறுமிக்கு வயது கூடிவிடாது. அவர் அப்பாச்சி பழங்குடியினர். அந்த நீதிமன்றத்தில் இருந்த எல்லோரையும்விட அதிகாரம் குறைந்தவர். பின்னாளில், 1990இல், பெர்ரியின் உணவகத்தில் பெண்கள் கழிப்பறையில் கேமரா வைத்துப் படம் பிடித்ததாகப் பல பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். அவர் மறுத்தார், பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார். இதையெல்லாம் 'கலையை வேறு, கலைஞரை வேறு பார்க்க வேண்டும்' என்ற ஒற்றை வரியால் துடைத்துவிட முடியாது. 'இப்படிப்பட்டவரைச் சுரண்டினால்தான் என்ன?' என்று கேட்கவும் முடியாது. கூலி என்பது நல்லவர்களுக்குத் தரும் பரிசு அல்ல. உழைத்தவருக்கு அது கடன். இரண்டு கணக்கையும் தனித்தனியாக, ஒரு காசு குறையாமல் பார்ப்போம்.

சிறையில் அவர் எழுதிய பாட்டுகளில் ஒன்று 'ப்ராமிஸ்ட் லேண்ட்'. வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து கலிபோர்னியாவுக்கு ஒருவர் போகும் பயணம். வழியைச் சரியாக எழுதச் சிறையில் நிலப்படப் புத்தகம் கேட்டார். தப்பியோடத் திட்டமோ என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டதாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தப் பேருந்து ராக் ஹில் ஊரில் நிற்காமல் போகிறது, பர்மிங்காமில் சிக்கிக்கொள்கிறது. 1961இல் பேருந்துகளில் இனப்பாகுபாட்டை எதிர்த்துப் பயணம் செய்த 'ஃப்ரீடம் ரைடர்ஸ்' அடிவாங்கிய ஊர்கள் அவை. பாட்டில் அடிதடி பற்றி ஒரு சொல் கிடையாது. ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும் என்று அவருக்குத் தெரியும். நாடறிந்த பாட்டுக்காரர் அரசியல் பேசவில்லை என்று குறை சொல்பவர்கள் அந்த வழித்தடத்தை ஒருமுறை பார்க்கட்டும்.

அவர் வாழ்நாளில் அமெரிக்கப் பொதுத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது ஒரே ஒரு பாட்டு. 1972இல் வந்த, வேறொருவர் எழுதிய, 'மை டிங்-எ-லிங்' என்ற இரட்டை அர்த்தக் கேலிப்பாட்டு. ராக் இசைக்கே இலக்கணம் எழுதிய பாட்டு ஒன்றுகூட அந்த இடத்துக்குப் போகவில்லை. பிறகு ஊர் ஊராகத் தனியாக, கிதாரோடு போய், உள்ளூர்க் கலைஞர்களை வைத்து வாசித்தார். மேடை ஏறும் முன்பே பணத்தை ரொக்கமாகக் கேட்டார். 'கஞ்சன், முசுடு' என்று இசைப் பத்திரிகைகள் சிரித்தன. கணக்குப் புத்தகத்தை நம்பி ஏமாந்தவர் வேறு எதை நம்புவார்? ஆனால் ரொக்கமாக வாங்கிய பணத்துக்கு வரி ஏய்த்த குற்றத்துக்காக 1979இல் மறுபடியும் சிறைக்குப் போனார். அதையும் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு பெயர்: ஜானி ஜான்சன். பியானோ கலைஞர். 1952இன் கடைசி நாளில் பெர்ரியைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டவர் அவர்தான். பெர்ரியின் புகழ்பெற்ற பதிவுகள் பலவற்றில் பியானோ அவருடையது. பின்னாளில் செயின்ட் லூயிஸில் பேருந்து ஓட்டிப் பிழைத்தார். 2000ஆம் ஆண்டில், ஐம்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகளில் தனக்கும் பங்கு உண்டு என்று பெர்ரி மீது வழக்குத் தொடுத்தார். காலம் கடந்துவிட்டது என்று 2002இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. உரிமை உண்டா இல்லையா என்று அது தீர்ப்புச் சொல்லவே இல்லை.

ஒரு வரிகூட எழுதாத ஃப்ரீடின் பெயர் முப்பத்தோரு ஆண்டுகள் பாட்டில் இருந்தது. பியானோ வாசித்தவரின் பெயர் ஒருநாளும் ஏறவில்லை. கொள்ளை போனவர் கையில் அதிகாரம் வந்ததும், பக்கத்தில் நின்ற தோழனின் பங்கு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. பறிகொடுத்த அனுபவம் மட்டும் யாரையும் நியாயவான் ஆக்கிவிடாது. அமைப்பு மாறாமல் ஆள் மட்டும் மேலே போனால் நடப்பது இதுதான்.

பெர்ரி 2017 மார்ச்சில் தன் 90ஆம் வயதில் இறந்தார். 38 ஆண்டு இடைவெளிக்குப் பின் அவர் பதிவு செய்த கடைசித் தொகுப்பு அந்த ஜூன் மாதம் வந்தது. 'ராக் இசையின் தந்தை' என்று உலகமே மாலை போட்டது. தந்தை என்று கும்பிடுவதற்குச் செலவே இல்லை. அந்த இசையை நாமும் கேட்போம், ஆடுவோம். கூடவே ஒவ்வொரு பாட்டின் கீழும் சிறிய எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படிப்போம். யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று கேட்போம்.